கதிர்ப்பை அளக்கக் கருவி வாங்குமுன் கேட்க வேண்டியவை

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கூடங்குளத்தில் ஏதும் நடந்தால் எங்களுக்கு எப்படித் தெரியவரும்? கொக்கிளாய்ப் பக்கத்துக் கறுப்பு மணலில் கதிர்த்தொழிற்பாடு இருக்கிறதா? கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க எங்கே கொண்டுபோவது? வன்னியில் இந்தக் கேள்விகள் ஓய்வதில்லை. மாதிரிகளைக் கொழும்பு ஒருகொடவத்தையில் உள்ள அணுசக்தி சபைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், அளக்கும் வசதி இங்கேயே வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. 2021 முதல் வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. இடமும் பிள்ளைகளும் உண்டு. நாங்கள் எழுதுவது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி: கதிரை உணரும் டிடெக்டரின் மின்துடிப்பை எண்களாகப் பதியும் டிஜிட்டைசர் என்ற கருவிக்கான கேள்விப்பத்திரத்தில், அதாவது விலைமனு கோரும் ஆவணத்தில், என்ன எழுதுவது?

இப்படியான பத்திரங்களில் வழமையாக ஒரே ஒரு வரிதான் இருக்கும்: ‘டிஜிட்டைசர், 8 சனல், 14 பிட், செக்கனுக்கு 500 மெகா சாம்பிள், எண்ணிக்கை 1’. எண்கள் பெரிதாக இருந்தால் கருவி நல்லது என்ற நினைப்பு இதற்குள் ஒளிந்திருக்கிறது. கடைசி ஏழு சனல்களும் மூடி கழற்றாமல் கிடக்க, முதலாவது சனலில் மட்டும் ஒரு பழைய டிடெக்டர் தொங்கும் நிலை இந்த ஒற்றை வரியில் இருந்துதான் தொடங்குகிறது.

சோடியம் அயடைட்டுப் பளிங்கொன்றில் காமாக் கதிர் பட்டால் மிக மெல்லிய ஒளி மினுங்கும். பளிங்கின் முதுகில் ஒட்டியிருக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய் அந்த ஒளியை மின்துடிப்பாக மாற்றுகிறது. துடிப்பு சட்டென்று எழும்பி, 240 நானோசெக்கன் அளவிலான காலமாறிலியுடன் தணியும். துடிப்பின் மொத்தப் பரப்பு கதிர் பளிங்கில் விட்டுச்சென்ற சக்தியைக் காட்டும். பழைய முறையில் துடிப்பை அம்பிளிபயர் உருட்டித் திரட்டி, அதன் உயரத்தை ஒரே ஒரு எண்ணாகப் பதிந்துவிட்டு மற்றதையெல்லாம் எறிந்துவிடும். டிஜிட்டைசர் அப்படியல்ல. 250 மெகா சாம்பிள் கருவி, அதாவது செக்கனுக்கு 25 கோடி முறை அளவெடுப்பது, 4 நானோசெக்கனுக்கு ஒருமுறை வோல்ற்றளவை எண்ணாக எழுதிக்கொண்டே போகும். எழுந்த விதம், தணிந்த விதம், துடிப்புக்கு முன்னால் அடிக்கோடு (துடிப்பு இல்லாத வேளையின் மட்டம்) நின்ற உயரம் எல்லாம் கோப்பில் இருக்கும். முடிவில் சந்தேகம் வந்தால் அந்தத் துடிப்பையே எடுத்துத் திரும்பப் பார்க்கலாம். இந்தக் கருவிக்குக் காசு கொடுப்பதே அதற்காகத்தான்.

‘சனல்’ என்ற சொல்லாலேயே பல குழப்பங்கள் நடக்கின்றன. பழைய ‘மல்ரி சனல் அனலைசரில்’ சனல் என்றால் சக்தியை அடுக்கும் பெட்டி. 1024 சனல் என்றால் நிறமாலையை (எந்தச் சக்தியில் எத்தனை துடிப்பு என்று காட்டும் வரைபை) 1024 பெட்டிகளாகப் பிரிக்கிறது என்று பொருள். டிடெக்டர் மாட்டும் துவாரம் ஒன்றே ஒன்றுதான். டிஜிட்டைசரில் சனல் என்பது டிடெக்டர் மாட்டும் துவாரம். ‘1024 சனல் கருவி எங்களிடம் இருக்கிறது, 8 சனல் எதற்கு?’ என்று கேட்பவரும், ‘16 சனல் வாங்கினால் இரட்டிப்பு நுட்பமாக அளக்கலாம்’ என்று நினைப்பவரும் ஒரே தவறைத்தான் விடுகிறார்கள்.

வேகமும் பிட்டும் டிடெக்டரைப் பொறுத்தவை. சோடியம் அயடைட்டுக்கு 100 மெகா சாம்பிள் போதும். 10 நானோசெக்கனுக்கு ஒரு புள்ளி என்றால் தணியும் காலத்துக்குள் மட்டும் 24 புள்ளி விழும். லாந்தனம் புரோமைட்டு 16 நானோசெக்கனில் தணிவதால் அதற்கு 500 தேவைப்படும். பிளாஸ்ரிக் மினுக்கிகளை வைத்து நேரத்தை நுட்பமாக அளக்க வேண்டுமென்றால் அதற்கும் மேல். பிட் விடயத்தில் கதை வேறு; வோல்ற்றளவை எத்தனை படிகளாகப் பிரிக்கிறது என்பதை அது காட்டும். 3,000 கே.இ.வி. (கிலோ இலத்திரன் வோல்ற்று, கதிரின் சக்தியை அளக்கும் அலகு) வரை அளக்கும்படி வீச்சை ஒழுங்கு செய்தால், 12 பிட்டின் 4,096 படிகளில் ஒரு படி 0.7 கே.இ.வி. அளவு. சோடியம் அயடைட்டில் சீசியம் 137 இன் 662 கே.இ.வி. கதிர் நிறமாலையில் எழுப்பும் உச்சியின் அகலமே 46 கே.இ.வி. வரும், அதற்குள் அறுபதுக்கு மேற்பட்ட படிகள் இருப்பதால் 12 பிட் தாராளம். ஜேர்மானியம் டிடெக்டரின் உச்சியோ 2 கே.இ.வி. அகலந்தான். அங்கே 14 பிட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. அதைக் குளிரூட்டத் தேவையான திரவ நைதரசன் இங்கே தொடர்ந்து கிடைக்க வழியில்லாமல் ஜேர்மானியம் வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மின்சாரத்தில் குளிரூட்டும் வகை உண்டு, விலையும் அதற்கேற்றாற்போல் இருக்கும். வன்னியின் முதல் ஆய்வுகூடத்துக்கு 3 அங்குலச் சோடியம் அயடைட்டுப் பளிங்கு இரண்டும், 100 அல்லது 250 மெகா சாம்பிள் வேகத்தில் 4 சனல் கருவி ஒன்றும் போதும் என்பது எங்கள் முடிபு. மாணவர் பழக, ரெட் பிட்டாயா போன்ற 125 மெகா சாம்பிள், 14 பிட், 2 சனல் பலகை ஒன்றே நல்ல தொடக்கம். அதன் உள்ளீட்டுத் தடை 1 மெகா ஓம் என்பதால் 50 ஓம் ரேமினேற்றரை (கேபிளின் முனையில் பொருத்தும் தடையை) தனியாகப் போட வேண்டும்.

இனி மழைக்கு வருவோம். வன்னியில் இந்தக் கருவி உண்மையாகப் பயன்படப்போகும் இடம் அதுதான்.

ஐப்பசியில் நீண்ட வெயிலுக்குப் பிறகு முதல் மழை கொட்டும்போது, வெளியே வைத்திருக்கும் எந்தக் கதிர்ப்பு எண்ணியும் எகிறும். காற்றில் இருக்கும் இரேடன் வாயுவின் வழித்தோன்றல்களான ஈயம் 214, பிசுமத்து 214 ஆகியவற்றை மழை கழுவி நிலத்தில் கொண்டுவந்து போடுவதே காரணம். உலகம் முழுவதும் நடக்கும் இயற்கையான விடயம் இது. கைகர் எண்ணி மட்டும் வைத்திருப்பவருக்கு எண்ணிக்கை கூடியது தெரியும். ஏன் என்று தெரியாது. அந்த எண் கைத்தொலைபேசியில் படமாகி, ‘கூடங்குளம் கசிகிறது’ என்று ஊரெல்லாம் சுற்றிவர அரை மணித்தியாலம் போதும்.

சோடியம் அயடைட்டு வைத்திருப்பவரும் இந்த இடத்தில் ஏமாறலாம். ஈயம் 214 இன் முக்கிய கோடு, அதாவது அது வெளிவிடும் காமாக் கதிரின் சக்தி, 352 கே.இ.வி. உலை விபத்தில் முதலில் தேடப்படும் அயடீன் 131 இன் கோடு 364 கே.இ.வி. இரண்டுக்கும் இடைவெளி 12. அந்தச் சக்தியில் பளிங்கின் உச்சி அகலம் 30ஐத் தாண்டும். நிறமாலையில் இரண்டும் ஒரே மேடாகத்தான் தெரியும். மென்பொருள் தன் பட்டியலில் கிட்டிய பெயரை எடுத்து ‘அயடீன் 131’ என்று எழுதிவிட்டால் பொறுப்பான அதிகாரியே பதறிப்போவார்.

இதைத் தீர்க்க டிஜிட்டைசரில் இரண்டு வழி இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் தான் வந்த நேரத்துடன் பதிவாகியிருக்கும் என்பதால், பதிவு முடிந்த பிறகும் அதைப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டி நிறமாலை போடலாம். மழை விட்டபின் 352 மேடு அரை மணித்தியாலத்துக்கு ஏறத்தாழப் பாதி என்ற கணக்கில் சரிந்து, மூன்று மணித்தியாலத்துக்குள் பழைய மட்டத்துக்கு வந்தால் அது இரேடன் குடும்பம். ஈயம் 214 இன் அரைவாழ்வு 27 நிமிடம், பிசுமத்து 214 இன் அரைவாழ்வு 20 நிமிடம். அயடீன் 131 இன் அரைவாழ்வோ 8 நாள். மூன்று மணித்தியாலத்தில் அது அசையாது. மற்ற வழி, கூட வரும் கோடுகளைப் பார்ப்பது. ஈயம் 214 தனியாக வராது. பிசுமத்து 214 இன் 609, 1120, 1764 கோடுகளும் சேர்ந்தே ஏறி இறங்கும். மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகும் 364 மேடு மட்டும் தனித்து நின்றால், அப்போது தொலைபேசியை எடுக்க வேண்டியதுதான். இறுதி நிறமாலையை மட்டும் சேமிக்கும் கருவியில் இந்த வெட்டிப் பார்க்கும் வேலை முடியாது. ஆகையால் ‘ஒவ்வொரு நிகழ்வும் நேரமுத்திரையுடன் கோப்பில் சேமிக்கப்பட வேண்டும்’ என்ற வசனம் கேள்விப்பத்திரத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

துடிப்பின் வடிவத்தையும் சேமிப்பது ஏன் என்பதற்கு வகுப்பறையிலேயே ஒரு உதாரணம் காட்டலாம். சீசியம் 137 மூலமொன்றைப் பளிங்குக்கு மிகக் கிட்ட வைத்தால் 662 உச்சியுடன் 1,323 கே.இ.வி. பக்கத்தில் ஒரு சிறு மேடும் எழும்பும். கோபால்ற்று 60 இன் கோடு 1,332. பளிங்கால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் கோபால்ற்று என்றால் 1,173 கோடும் கூடவே நிற்க வேண்டும்; அது இல்லை. அந்த மேட்டைச் சேர்ந்த துடிப்புகளை மட்டும் பிரித்துத் திரையில் போட்டுப் பார்த்தால் ஒன்று மாறி ஒன்று இரட்டைத் திமிலோடு வரும். முதல் துடிப்பு தணியுமுன் இரண்டாவது அதன் முதுகில் ஏறியிருக்கும். 662 உடன் இன்னொரு 662. செக்கனுக்கு 10,000 துடிப்பு வருகையில், துடிப்பு ஒன்றுக்கு 2 மைக்ரோசெக்கன் ஒதுக்கினால், நூற்றில் இரண்டில் இப்படி நடக்கும். வடிவம் கையில் இருந்தால் இவற்றை அடையாளம் கண்டு ஒதுக்கலாம். உயரம் மட்டும் இருந்தால் இல்லாத கோபால்ற்றை அறிக்கையில் எழுதிவிடுவோம்.

எல்லா வடிவத்தையும் சேமித்தால் கணினி தாங்குமா என்பது அடுத்த கேள்வி. 8 சனலையும் 500 மெகா சாம்பிளில் இடைவிடாமல் பதிந்தால் செக்கனுக்கு 8 ஜிகாபைற், யூ.எஸ்.பி. 2 கேபிளால் நடைமுறையில் 30, 40 மெகாபைற்றுக்குமேல் தள்ள முடியாது. இதனால்தான் கருவி துடிப்பு வந்த தருணத்தை மட்டும் வெட்டி அனுப்புகிறது. ஒரு பளிங்கு, சூழல் கதிர்ப்பில் செக்கனுக்கு 300 துடிப்பு, ஒவ்வொன்றுக்கும் 2 மைக்ரோசெக்கன் என்று எடுத்தால், 250 மெகா சாம்பிளில் ஒரு துடிப்பு 500 புள்ளி, அதாவது 1,000 பைற். நாளொன்றுக்கு 26 ஜிகாபைற் சேரும். இன்றைய வன்தட்டுக்கு இது ஒரு பாரமே அல்ல. எண்ணிக்கை கூடிய வேலைகளில் சக்தியையும் நேரத்தையும் எல்லாத் துடிப்புக்கும், முழு வடிவத்தை நூறில் ஒன்றுக்கும் சேமிப்பது நல்ல நடுவழி.

கருவி வந்து இறங்கிய முதல் நாளில் செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறோம். டிடெக்டரை மாட்டாமல், உயர் மின்னழுத்தம் கொடுக்காமல், சனலில் 50 ஓம் ரேமினேற்றரை மட்டும் போட்டு அடிக்கோட்டைப் பாருங்கள். 2 வோல்ற் வீச்சில் 14 பிட்டுக்கு ஒரு படி 0.12 மில்லிவோல்ற். அடிக்கோடு சில படிகளுக்குள் நடுங்கினால் கருவி சுகம். பிறகு டிடெக்டரின் கேபிளை மாட்டி, இன்னும் உயர் அழுத்தம் கொடுக்காமல் திரும்பப் பாருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மின்கம்பி இரைச்சல் 50 ஹேர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெக்கன். திரையில் தெரிவதோ 2 மைக்ரோசெக்கன். அலை ஒருபோதும் அலையாகத் தெரியாது. ஒவ்வொரு பதிவிலும் கோடு நேராகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் நிற்கும். நூறு பதிவை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் கோடு பட்டையாக அகன்றிருக்கும். அப்படிக் கண்டால் எர்த்தில் பிழை.

அடுத்து உயர் அழுத்தம். பளிங்கின் பத்திரத்தில் உள்ள அளவை மீறாமல், 50 வோல்ற் படிகளாக ஏற்றுங்கள். பெரும்பாலும் 600 முதல் 1,000 வோல்ற்றுக்குள் நிற்கும். அழுத்தம் இருக்கும்போது கேபிளைக் கழற்றக்கூடாது. குழாயின் உறையைத் திறந்து வெளிச்சம் படவிட்டால் குழாய் அத்தோடு முடிந்தது. குழாயின் துடிப்பு பூச்சியத்துக்குக் கீழே இறங்கும் வகை என்றால், அடிக்கோட்டை வீச்சின் மேற்பக்கத்தில், பத்தில் ஒன்பது பங்கு உயரத்தில் நிறுத்துங்கள். நடுவில் விட்டால் பாதி வீச்சு வீணாகும். தோரியம் குடும்பத்தின் 2,614 கே.இ.வி. துடிப்பு தட்டையாக வெட்டுப்படாமல் முழுதாக அடங்குகிறதா என்று பாருங்கள்.

முன்பதிவு நேரத்தைக் குறைத்து வைப்பதுதான் புதியவர்கள் அதிகம் விடும் பிழை. துடிப்புக்கு முந்திய 200 நானோசெக்கனாவது பதிவில் இருந்தால்தான் அடிக்கோட்டின் சராசரியைச் சரியாக எடுக்கலாம். இருபது நானோசெக்கன் மட்டும் விட்டால் துடிப்பின் எழுச்சியே சராசரிக்குள் கலந்து, எல்லாச் சக்தியும் குறைவாகக் காட்டும். பரப்பைக் கூட்டும் சாளரம் தணியும் காலத்தின் நான்கு மடங்கு, அதாவது 1 மைக்ரோசெக்கன் அளவில் இருக்கட்டும். ஒளியின் 98 வீதம் அதற்குள் வந்துவிடும். 300 நானோசெக்கனில் வெட்டினால் உச்சி அகலும். 5 மைக்ரோசெக்கனுக்கு நீட்டினால் இரைச்சலும் அடுத்த துடிப்பும் உள்ளே வரும்.

கேபிள் விடயம் சின்னதாகத் தெரியும், ஆனால் நாட்கணக்கில் அலைக்கழிக்கும். வழமையான ஆர்.ஜி. 58 கேபிளில் சைகை ஒரு மீற்றரைக் கடக்க 5 நானோசெக்கன் எடுக்கும். 10 மீற்றர் கேபிளின் இரு முனையிலும் 50 ஓம் பொருத்தம் இல்லையென்றால் துடிப்பு எதிரொலித்துப் போய் வந்து, சரியாக 100 நானோசெக்கன் பிந்தி ஒரு குட்டித் துடிப்பாகத் தலைகாட்டும். துடிப்பின் வாலை வைத்து நியூத்திரனையும் காமாவையும் பிரிக்கும் வேலையில் இந்தக் குட்டி எல்லாவற்றையும் குழப்பிவிடும். கேபிளைக் 2 மீற்றராக மாற்றும்போது குட்டி 20 நானோசெக்கனுக்கு நகர்ந்தால் அது எதிரொலியேதான்.

வன்னியில் கருவிகள் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கருவிக்கு வெளியேதான். கோடையில் மண் காய்ந்து வெடிக்கும்போது எர்த் கம்பியின் தடை ஏறிவிடும். மாரியில் எடுத்த அளவை நம்பிக் கோடையில் வேலை செய்யக்கூடாது. கம்பியை ஆழமாக இறக்கி, ஆனியிலும் ஆவணியிலும் தடையை அளந்து எழுதி வையுங்கள். டிடெக்டர், டிஜிட்டைசர், கணினி மூன்றும் ஒரே யூ.பி.எஸ். இன் ஒரே பலகையில் இருந்து மின் எடுக்க வேண்டும். ஒன்று சுவரில் இருந்தும் மற்றது சூரியமின் இன்வேட்டரில் இருந்தும் எடுத்தால் மேலே சொன்ன பட்டை தோன்றும். இன்வேட்டரின் ஆளி இரைச்சலும் பதிவைத் தொடக்கும் மட்டத்தைத் தாண்டிப் பொய்த்துடிப்பாகப் பதியும். சித்திரை இடிமழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மின்னலுக்கு முன்பே பிளக்கைக் கழற்றுவதோடு நிற்காமல், கணினி வலையமைப்புக் கேபிளையும் கழற்றுங்கள். பலரும் மறப்பது அதைத்தான்.

பளிங்கு கண்ணாடி மாதிரி. குளிரூட்டிய அறையில் 22 பாகையில் இருந்ததை நேரே தூக்கி மத்தியானம் வாகனத்தில் ஏற்றிப் பூட்டினால் உள்ளே வெடித்துவிடும். மணித்தியாலத்துக்கு 8, 10 பாகைக்குமேல் வெப்பநிலை மாறக்கூடாது. வயலுக்கோ கடற்கரைக்கோ கொண்டுபோவதானால் றெஜிபோம் பெட்டிக்குள் வைத்துக் காலையிலேயே வெளியே எடுத்து, மெல்ல மெல்லச் சூடேற விடுங்கள். வெடிக்காவிட்டாலும், காலையில் நின்ற உச்சி பின்னேரம் வேறு இடத்தில் நிற்கும். வெப்பத்துடன் ஒளியும் குழாயின் பெருக்கமும் மாறுவதால் அது நடக்கும்.

உச்சி நகர்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த மூலம் தேவையில்லை. எங்கள் கமக்காரர் வீட்டில் இருக்கும் எம்.ஓ.பி. (பொற்றாசியம் குளோரைட்டு) பசளையே போதும். இயற்கைப் பொற்றாசியம் ஒரு கிராமில் செக்கனுக்கு 31 சிதைவு நடக்கிறது. 60 வீதப் பசளை (வீதம் பொற்றாசியம் ஒட்சைட்டுக் கணக்கில்) ஒரு கிலோவில் பொற்றாசியம் அரைக் கிலோ அளவில் இருக்கும். ஏறத்தாழ 15,000 பெக்கரல், அதாவது செக்கனுக்கு 15,000 சிதைவு. அதில் இருந்து செக்கனுக்கு 1,600 அளவில் 1,461 கே.இ.வி. காமாக் கதிர் புறப்படுகிறது. ஒரு கிலோவை நிறுத்துப் பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு, ஈரம் புகாமல் மூடி ஒட்டி, பளிங்கின் முன்னால் எப்போதும் ஒரே இடத்தில் வைத்துக் காலையும் மாலையும் அரை மணித்தியாலம் அளந்தால், உச்சியின் இடமும் எண்ணிக்கையும் கருவியின் உடல்நிலையைச் சொல்லிவிடும். இரண்டாவது புள்ளிக்குப் பழைய பெற்றோமக்ஸ் விளக்கின் மென்ரில் உதவும். அந்தக் காலத்து மென்ரில்களில் தோரியம் உண்டு. 239, 583, 911, 2,614 கோடுகள் தெரியும். உதிர்ந்து தூளாகும் பொருள் என்பதால் இரண்டு பொலித்தீன் பையில் மூடி ஒட்டி, திறக்காமல் பாவியுங்கள். சீசியம் 137 மூலத்துக்கோ 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டப்படி அணுசக்தி ஒழுங்குபடுத்தும் பேரவையின் உரிமம் வேண்டும். அதை எடுக்காமல் வாங்க நினைக்கவே கூடாது.

புல்மோட்டை தொடங்கி வடக்கே கொக்கிளாய்ப் பக்கம் நீளும் கறுப்பு மணலில் இல்மனைற்றுடன் மொனசைற்றும் சிறிதளவு இருக்கிறது. மொனசைற்றில் தோரியம் உண்டு. ஆகவே அந்த மணலை அளந்தால் மென்ரிலில் தெரிந்த அதே கோடுகள் தெரியும். 2,614ஐப் பார்த்து யாரும் திடுக்கிடத் தேவையில்லை. எவ்வளவு இருக்கிறது என்பதே கேள்வி. அதற்கு மணலைக் காயவைத்து, நிறுத்து, எப்போதும் ஒரே வடிவப் பாத்திரத்தில் அடைத்து, வெறும் பாத்திரத்தின் 24 மணித்தியாலப் பதிவைக் கழித்துக் கணக்கிட வேண்டும். 100 எண்ணிக்கையில் தளம்பல் 10, அதாவது பத்து வீதம். 10,000 எண்ணிக்கையில் தளம்பல் 100, ஒரு வீதம். பத்து நிமிடத்தில் எடுத்த அளவை வைத்து ஒரு கிராமத்தைப் பயமுறுத்துவதும், ஆறுதல் சொல்வதும் ஒரே அளவு பிழை.

தண்ணீரைப் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். கிணற்று நீரில் யுரேனியம் இருக்கிறதா என்பதை இந்தக் காமா முறையால் கண்டுபிடிக்க முடியாது. யுரேனியம் 238 தானாக வெளிவிடும் காமா மிக அற்பம். குடிநீரில் இருக்கக்கூடிய மைக்ரோகிராம் அளவுக்கு வேறு வகை இரசாயன ஆய்வு வேண்டும். டிஜிட்டைசர் வந்தால் எல்லாக் கிணற்றையும் பார்த்துவிடலாம் என்று மக்களுக்கு வாக்குக் கொடுக்கக்கூடாது.

அப்படியானால் பல சனல் எப்போதுதான் தேவை? ஒரு டிடெக்டர் கண்டதை இன்னொன்றும் அதே தருணத்தில் கண்டதா என்று கேட்க வேண்டிய இடங்களில். அரிசி, மீன் போன்றவற்றில் மிகக் குறைந்த அளவைத் தேடும்போது, ஈயக்கட்டிகளால் அடைத்த பின்னும் வானில் இருந்து வரும் மியூவன் என்னும் துகள்கள் ஊடுருவி வரும். பளிங்கின் மேலேயும் பக்கங்களிலும் பிளாஸ்ரிக் மினுக்கித் தகடுகளை நிறுத்தி, தகடும் பளிங்கும் ஒரே நேரத்தில் துடித்தால் அந்த நிகழ்வைத் தள்ளிவிடலாம். கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஒரு மியூவன் என்று வைத்தால், 30 சென்ரிமீற்றர் சதுரத் தகட்டில் செக்கனுக்கு 15 வரும். தகடு வேலை செய்கிறதா என்று பார்க்க இதைவிட மலிவான மூலம் இல்லை. இங்கே நாலு, ஐந்து சனல் உண்மையாகவே வேலை செய்யும். எல்லாச் சனலும் ஒரே மணிக்கூட்டில் ஓட வேண்டும். கேபிள்களின் நீளம் வேறுபட்டால் அந்தத் தாமதத்தை அளந்து திருத்த வேண்டும். முதலில் நாலு சனல் கருவி, பிறகு இன்னொன்றை வெளி மணிக்கூட்டு இணைப்பால் சேர்க்கும் வசதி என்று வாங்கினால் காசு வீணாகாது.

கேள்விப்பத்திரத்தில் இன்னும் சில வரிகள் சேர வேண்டும். உயர் அழுத்த மூலம் உள்ளே இருக்கிறதா, வேறாக வாங்க வேண்டுமா? துடிப்பை ஆராயும் உள்மென்பொருளின் உரிமம் விலைக்குள் அடக்கமா? சில கருவிகளில் உரிமம் வாங்காவிட்டால் அரை மணித்தியாலம் ஓடிவிட்டு நின்றுவிடும். கோப்பின் அமைப்பை எழுத்தில் தருவார்களா? தந்தால் பைதன் என்ற கணினி மொழியிலோ, சேர்ன் ஆய்வுகூடம் இலவசமாகத் தரும் ரூட் மென்பொருளிலோ பிள்ளைகளே திறந்து படிக்கலாம். தராவிட்டால் கம்பனியின் மென்பொருள் நின்ற நாளில் எல்லாப் பதிவும் பூட்டிய பெட்டியாகிவிடும். பயிற்சிக்கு இரண்டு பேரையாவது எழுதுங்கள். ஒருவரே பழகி, அவர் இடமாற்றமாகிப் போனால் கருவியும் அலுமாரிக்குப் போய்விடும்.

கையேற்கும் நாளில் பெட்டியைத் திறந்து விளக்கு எரிகிறதா என்று பார்த்துக் கையெழுத்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வழங்குநர் முன்னிலையில் 24 மணித்தியாலச் சூழல் பதிவு, அதன்பின் ஒரு கிலோ எம்.ஓ.பி. பெட்டியுடன் ஒரு மணித்தியாலம், இரண்டையும் துடிப்பு வடிவங்களுடன் எடுத்து, உரியவர் பார்த்து, 1,461 உச்சியின் இடத்தையும் அகலத்தையும் கொப்பியில் எழுதிய பிறகு கையெழுத்தை வையுங்கள்.

இப்படிக்கு,
கதிர்ப்பு அளவீடு கற்பிக்கும் பௌதிகவியல் ஆசிரியர்கள்,
வவுனியா, கிளிநொச்சி.